நாலாம் நம்பர் பெட்காரர் தண்ணீர் குடிக்கவில்லை

1

அக்டோபர் வந்தால் நான் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம். கடலூரிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் எல்லாம் ‘அங்கியே செட்டில் ஆயிட்ட இல்ல’ என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். வீடு இருக்கிறது. கணவர் அருளுக்கு ஒரு கிடங்கில் வேலை. மகள் வெண்பாவுக்குப் பதினான்கு வயது. எனக்கு இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், வயதானவர்கள் வார்டில், நர்ஸ் வேலை. இதற்குப் பெயர்தான் செட்டில் ஆவது என்றால் ஆகிவிட்டேன். ஆனால் சமீபத்தில் எங்கள் வார்டில் நடந்ததைக் கேட்டால், எதில் செட்டில் ஆனாய் என்று நீங்களே என்னைக் கேட்பீர்கள்.

முதலில் ‘கல்ச்சுரல் காம்பிடன்ஸ்’ என்பதைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் பண்பாட்டைத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி அவரைக் கவனிக்கும் திறமைக்கு இங்கே அந்தப் பெயர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாங்கள் எல்லாரும் படித்துத் தேற வேண்டிய பாடம். கடைசியில் சில கேள்விகள் வரும். ‘இந்து நோயாளி மாட்டிறைச்சி உண்பார். சரியா, தவறா?’ என்று ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேகும் என்பதை நினைத்துக்கொண்டு ‘சரி’ என்று போட்டேன். சிவப்பு எழுத்தில் தவறு என்று வந்தது. மறுபடி உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த இந்து எப்படிச் சாப்பிடுவாரோ அப்படிப் பதில் சொல்லித் தேறினேன்.

அந்தப் பாடத்தில் தோற்றுத் தேறிய என்னைத்தான் வார்டு மேனேஜர் கேரன் எங்கள் வார்டின் ‘கல்ச்சர் சாம்பியன்’ ஆக்கினாள். கேரன் கெட்டவள் இல்லை. பிறந்தநாள் நினைவு வைத்துக் கேக் கொண்டுவருகிறவள். ஆனால் அவளுக்கு இந்தியா என்பது ஒரே வீடு. குஜராத்தி அம்மா ஒருவர் அழுதால் என்னைக் கூப்பிடுவாள். பங்களாதேஷின் சில்ஹெட்டிலிருந்து வந்த முதியவர் மாத்திரை வேண்டாம் என்றால் என்னைக் கூப்பிடுவாள். எனக்குக் குஜராத்தி தெரியாது, வங்காளமும் தெரியாது என்று சொன்னால் நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துச் சிரிப்பாள். நான் போய் அந்தக் குஜராத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் எதையோ சொல்வார். நான் தலையாட்டுவேன். பார்த்தாயா, உன்னால்தான் முடியும் என்பாள் கேரன்.

என் இங்கிலீஷே இங்கே ஒரு வருடம் தடுமாறியது. சிதம்பரத்தில் நர்சிங் படித்தபோது எல்லா நோயாளியிடமும் ‘மோஷன் போனீங்களா’ என்று கேட்டுப் பழகியவள். இங்கே வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் ‘மோஷன்’ எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் காட்டி, நன்றாக அசைகிறது, நன்றி என்றார். அன்றைக்குச் சிரித்தேன். என் வாயில் வரும் சொல் எதிரே இருப்பவர் காதில் வேறாக விழும் என்பதை அப்போதே இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

2

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் டியூட்டிக்குப் போனதும் கேரன் வாசலிலேயே நின்றிருந்தாள். நாலாம் நம்பர் பெட்டுக்கு உன் ஆள் வந்திருக்கிறார் என்றாள். இன்னொரு குஜராத்தி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தபடி, ‘போர்வய எடுக்கச் சொன்னா காலயே எடுத்துடுவானுவ போல’ என்று தனக்குள் முனகிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருடத்தில் என் வார்டில் முதல் தமிழ் நோயாளி. அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ்.

அவர் பெயரைச் சொல்லக்கூடாது. கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். வயது எழுபத்தெட்டு. சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் மாலதி இங்கே கூட்டிவந்து வைத்திருக்கிறார். காலில் புண் பட்டு, அது சீழ் வைத்து, முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. ஊசி வழியாக மருந்து ஏற வேண்டும்.

‘ஐயா, நான் போர்வய எடுத்து உட்றேன்’ என்றதும் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் மறைத்துச் சொல்ல மாட்டேன். அவ்வளவு சந்தோஷப்பட்டார். கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் அரை மணி நேரமும் பேசினோம். பஸ் ஸ்டாண்டில் இப்போதும் அதே நெரிசலா, கீழவீதியில் ஆட்டோக்காரர்கள் இப்போதும் குறுக்கே நிறுத்துகிறார்களா என்று, இப்போது அவரும் பார்க்காத ஊரை நானும் பார்க்காமல் பேசிக்கொண்டோம். நான் அங்கேதான் நான்கு வருடம் படித்தேன் என்றதும் படித்த இடத்தைக் கேட்டார், சொன்னேன். பிறகு கேட்டார்.

‘சொந்த ஊரு எதும்மா?’

‘கடலூருங்க.’

‘கடலூர்ல?’

‘செம்மங்குப்பம்.’

‘கம்பெனிங்க இருக்குதே, அங்கியா. செரி. ஊருக்குள்ளியா, இல்ல…’

பாதியில் நிறுத்தினார். மீதியை எப்போதும் நாம்தான் முடிக்க வேண்டும்.

இங்கே தமிழ்ச் சங்கத்தில் யார் கேட்டாலும் நான் சிதம்பரம் என்றுதான் சொல்வேன். அருள் சொல்லிக்கொடுத்தது அது. படித்த ஊர்தானே, பொய் இல்லையே என்பார். ஆனால் சிதம்பரத்துக்காரரிடம் சிதம்பரம் என்றால் அடுத்து எந்தத் தெரு என்பார். அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு அன்றைக்குச் சலிப்பாக இருந்தது. நீல யூனிஃபார்ம் போட்டிருக்கிறேன். அவர் கால் என் கையில் இருக்கிறது. இங்கே என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

‘இல்லிங்க, காலனி’ என்றேன்.

‘ஓ. செரி செரி’ என்றார். டீவி பக்கம் திரும்பிக்கொண்டார். அது அணைந்து கிடந்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியவர்கள் எல்லாரும் இங்கே இருந்தார்கள்.

3

மத்தியானம் மாத்திரை கொடுத்தேன். நோயாளி விழுங்குவதை நர்ஸ் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் ஊற்றி நீட்டினேன். அவர் கண்ணாடித் தம்ளரை வாங்காமல் மாத்திரையை மட்டும் எடுத்து வாயில் போட்டு வெறுமனே விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. வயதானவர்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி.

‘தண்ணி குடிங்க ஐயா.’

‘வச்சிட்டுப் போம்மா. அப்பறம் குடிக்கிறேன்.’

சாயங்காலம் வரை அந்தத் தம்ளர் அப்படியே இருந்தது. மேசையில் நான் நிரப்பி வைத்த ஜாடியிலும் வைத்த அளவு குறையவில்லை. மாலதி ஆறு மணிக்கு வந்தபோது ஃபிளாஸ்கில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்தார்.

மறுநாளும் அதேதான். அன்றைக்கு மாலதி என்னைத் தனியாகக் காரிடாருக்குக் கூப்பிட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சங்கத்தில் பொங்கல் விழாவை எடுத்து நடத்துகிறவர். எனக்கு முகம் தெரியும். ‘தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா பழைய ஆளு. வேற யாராச்சும் நர்ஸ் இருந்தா போடச் சொல்ல முடியுமா’ என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்ல வேண்டியிருக்கும், நான் அதைக் காதால் கேட்க வேண்டியிருக்கும். தலையாட்டினேன்.

கேரனிடம் போய், நாலாம் பெட்டை வேறு யாருக்காவது மாற்று என்றேன். காரணம் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்த மனிதருக்கு இங்கிலீஷ் சரியாக வராது, அவருடைய மொழி பேசும் ஒரே நர்ஸ் நீ, நீயே வேண்டாம் என்றால் எப்படி என்றாள். உன்னுடைய சொந்த சமூகத்து ஆள்தானே என்றும் சொன்னாள்.

சமூகம் என்ற சொல்லை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அது என் காதில் எந்த அர்த்தத்தில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பேசாமல் திரும்பிவந்தேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். எனக்கு நாற்பது வயது. இருபது வயதில் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் செய்தேன்.

படிக்கும்போது, மூன்றாம் வருடம், சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு ஒரு மாதம் வீடு வீடாகப் போகும் பயிற்சி. பிறந்து பத்து நாளான ஒரு குழந்தையை எடை பார்க்க வேண்டும். துணித் தொட்டிலும் தராசும் என் கையில் இருந்தன. அந்த வீட்டு மாமியார் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று ஆரம்பித்தார். இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். குழந்தையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். எங்களைக் கூட்டிப்போன டியூட்டர் மேடம் என்னிடம் தாழ்ந்த குரலில், ‘நீ ரெஜிஸ்டர் எழுது, சுமதி வெயிட் பாக்கட்டும்’ என்றார். சுமதி என் வகுப்புத் தோழி. அவள் தராசை வாங்கிக்கொண்டாள். அந்த மாதம் முழுக்க நான் ரெஜிஸ்டர் எழுதினேன். ஒரு குழந்தையைக்கூட தூக்கவில்லை. மாதக் கடைசியில் மேடம் போட்ட மதிப்பெண் தாளில், ஊர் மக்களோடு அனுசரித்துப் பழகும் திறமை என்ற வரிக்கு எதிரே எனக்கு முழு மதிப்பெண் இருந்தது.

4

புதன்கிழமை எனக்கு விடுமுறை. வியாழக்கிழமை போனால் கோவிந்தசாமி ஐயாவின் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில், குறைவாக இறங்கியிருந்தது. இளம் டாக்டர் ஒருவர், இந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கேரன் என்னிடம், அவர் மொழியில் சொல்லித் தண்ணீர் குடிக்க வை என்றாள்.

நான் அவர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியேற்றினார் என்று மணிக்கு மணி எழுதும் தாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பகலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. புதன்கிழமை வரிசையாகக் குடித்திருந்தார். வியாழன் காலை, நான் வந்ததிலிருந்து மறுபடி வெறும் கோடு. எழுத்து மட்டும் மாறியிருந்தது. குடிக்காத நாட்கள் என் கையெழுத்தில் இருந்தன.

அங்கே உதவியாளராக இருக்கும் மரிட்டெஸ் பிலிப்பைன்ஸ்காரி. அவளைக் கூப்பிட்டு, அதே ஜாடியை எடுத்துப்போய்க் கழுவி, நீயே நிரப்பி, நீயே அவரிடம் கொடு என்றேன். ஏன் என்று கேட்காமல் செய்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு தம்ளர், நிறுத்தாமல் குடித்தார். தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. ‘தேங்க்யூ தேங்க்யூ’ என்றார்.

மரிட்டெஸ் கையில் குடித்தார். புதன்கிழமை கானா நாட்டு நர்ஸ் ஜோசஃப் கையில் குடித்தார். கேரன் கையில் குடிப்பார். உலகத்தில் யார் கையில் வேண்டுமானாலும் குடிப்பார். தன் ஊர்ப் பேச்சைப் பேசுகிற என் கை மட்டும் ஆகாது.

டாக்டரிடம் போய், மருந்து இல்லை, அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்லித் தாளைக் காட்டினேன். டாக்டர் அதை மட்டும் கேட்டுக்கொண்டு நரம்பு வழியாக நீர் ஏற்றச் சொன்னார். பிறகு கேரனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். பிறப்பு, காலனி, தண்ணீர், தம்ளர். இங்கிலீஷில் அதைச் சொல்ல என்னிடம் சொற்கள் குறைவாக இருந்தன. ஆனாலும் சொன்னேன். விரதம் மாதிரியா என்றாள். இல்லை என்றேன். மத நம்பிக்கையா என்றாள். ஆமாம் என்றால் ஒரு தப்பு, இல்லை என்றால் இன்னொரு தப்பு. இரண்டும் சேர்ந்தது என்றேன். பேசும்போதே அவள் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். என் தோளைத் தொட்டு, சொன்னதற்கு நன்றி, நாம் பார்த்துக்கொள்வோம் என்றாள். எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை நாலாம் பெட்டுக்குப் போனேன். ஒவ்வொரு பெட்டின் தலைமாட்டிலும் ‘எனக்கு முக்கியமானவை’ என்று ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒருவருக்குப் பேத்தியின் படம் முக்கியம், ஒருவருக்குக் கால்பந்து. கோவிந்தசாமி ஐயாவின் பலகையில் கேரன் நீல மார்க்கரில் எழுதியிருந்தாள். டீயில் சர்க்கரை வேண்டாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பண்பாட்டு விருப்பம்: குடிக்க எதையும் செல்வி கொடுக்க வேண்டாம், மற்ற யாரும் கொடுக்கலாம். பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தாள்.

போகிற வருகிறவர்கள் எல்லாரும் படிக்கும்படி, என் பெயர்.

ஈரத் துடைப்புத் தாளை எடுத்து அந்த வரியை அழித்தேன். பின்னால் வந்த கேரன், நோயாளியின் விருப்பத்தை நீயாக அழிக்கக்கூடாது, அவர் பண்பாட்டை மதிக்க வேண்டும், கல்ச்சர் சாம்பியனான உனக்கே இது தெரிய வேண்டாமா என்றாள். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். ஜோசஃப்பை என் மற்ற நோயாளிகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நாலாம் பெட்டின் திரையை இழுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஐயா விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய சிறுநீர் பாட்டில் நிறைந்திருந்தது. எடுத்து அளந்து, தாளில் எழுதிவிட்டு, கையுறையைக் கழற்றினேன்.

‘ஐயா, அஞ்சு நாளுல நாலு நாளு ஒங்க மூத்திரத்த நாந்தான் எடுக்குறேன். புண்ணக் கழுவுறேன். பெட்டுலயே ஆயிட்டப்ப நாந்தான் தொடச்சேன். அதுக்கு எங் கை ஆவுது. தண்ணி குடுக்க ஆவலையா?’

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘அது ஒன் வேலம்மா’ என்றார், மிகவும் சாந்தமாக. ‘நான் ஒன்ன ஒரு வார்த்த தப்பா பேசினனா? இல்லியே. பழக்கம். இந்த வயசுல மாத்திக்க முடியல. நீ மனசுல வச்சுக்காத.’

‘ஒங்க கிட்னி போயிருக்கும்.’

‘போனா போவுது’ என்றார்.

அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். திரையைத் திறந்துவிட்டு, மரிட்டெஸ்ஸை அனுப்பினேன்.

5

வீட்டுக்கு வந்து புகார் எழுதப் போகிறேன் என்றேன். அருள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ‘எழுதி? மாலதி சங்கத்துல சொல்லும். நாம யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணு அங்கதான் டான்ஸ் கத்துக்குது. சிதம்பரம்னு சொல்லிட்டுப் போயிருந்தா இந்த வம்பே இல்ல’ என்றார். அவர் பயந்தவர் இல்லை. நெல்லிக்குப்பத்தில் படிக்கும்போது கல்லூரி விடுதியில் நடந்ததை ஒருமுறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் போன எந்த ஊரிலும் சொந்த ஊரைச் சொன்னதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவருக்கு அப்படி ஆக வேண்டியிருந்ததே என்றும் கோபம் வந்தது.

புகார்ப் படிவம் கம்ப்யூட்டரில். எந்த அடிப்படையில் பாகுபாடு என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழும். நிறம், மதம், பாலினம், வயது, உடல் குறைபாடு என்று போகும். சாதி இல்லை. ‘மற்றவை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நீளமாக எழுத என் இங்கிலீஷ் போதாது. வெண்பாவை உட்கார்த்தி நான் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னேன்.

வெண்பா வீட்டில் தமிழ் கேட்பாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஐந்து வயதில் வந்தவள். செம்மங்குப்பம் அவளுக்கு அம்மாச்சியின் வீடியோ கால், அவ்வளவுதான். காலனி என்று நான் சொன்னதும் வெள்ளைக்காரன் ஆண்டதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இல்லை என்றேன். பிறகு என்ன என்றாள். நான் இந்த வேலையைத் தள்ளிப்போட்டே பதினான்கு வருடம் ஓட்டியிருந்தேன். ஊர்த்தெரு எங்கே முடியும், நாங்கள் எங்கே ஆரம்பிப்போம் என்று சொன்னேன். தராசை வாங்கிக்கொண்ட சுமதியைப் பற்றிச் சொன்னேன். அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. ‘டாடிக்கும் தெரியுமா?’ என்றாள். தெரியும் என்றேன். ‘அப்ப எனக்கு மட்டுந்தான் சொல்லல’ என்றாள், தமிழிலேயே. கொஞ்சம் கழித்து, ‘மேல சொல்லும்மா’ என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

ஐயா சரியாகி வீட்டுக்குப் போனார். நான் புகார் பற்றிய ஒரு மீட்டிங்குக்குப் போனேன். நிர்வாகத்திலிருந்து வந்த பெண்மணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இது மிகவும் சிக்கலான விஷயம், உங்கள் சமூகத்துக்குள் உள்ள விஷயம், இதில் ஆஸ்பத்திரி ஒரு பக்கம் சாய்வது கஷ்டம் என்றார். சங்கத்திலிருந்து ஒரு அக்கா ஃபோன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. ‘நீங்க சிதம்பரம்னுதான சொன்னீங்க?’ என்று மட்டும் கேட்டார். இந்த வருடப் பொங்கலுக்குச் சமைக்கிறவர்கள் பட்டியலில் என் பெயர் வரவில்லை. யாரும் எடுத்ததாகச் சொல்லவில்லை, அது இல்லாமல் போயிற்று. அப்போதே சொன்னேனே என்று அருள் ஒருமுறை சொல்லியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன்.

பிறகு கடிதம் வந்தது. ஒரே பண்பாட்டைச் சேர்ந்த இருவருக்கிடையே ஏற்பட்ட புரிதல் குறை என்று முடிவு கட்டியிருந்தார்கள். நோயாளி போதிய நீர் அருந்தாததை வார்டு குழு உரிய நேரத்தில் கண்டறிந்தது பாராட்டத்தக்கது என்று ஒரு வரி. கூடவே எனக்கு ஒரு படிவம். இந்தச் சம்பவத்திலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன், இனி எப்படி நடந்துகொள்வேன் என்று எழுதி கேரனிடம் கொடுக்க வேண்டும்.

நான் அதை அலமாரியில் போட்டேன். வெண்பா எடுத்துப் படித்தாள். சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்து அந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். குழு என்றால் யார் என்றாள். ‘நீதானம்மா கண்டுபுடிச்ச?’

‘ஆமா.’

‘டாக்டருக்கு ஏன் தெரியல?’

‘அவருக்கு எப்படித் தெரியும்.’

‘அப்ப அத எழுது.’

எழுதினோம். அவள் இங்கிலீஷ், என் சொல்: நாலாம் பெட்காரர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை அந்த வார்டில் கண்டுபிடிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பாடத்தில் படித்து அல்ல, காலனியில் பிறந்ததால் கண்டுபிடித்தேன். என் திறமை அது. அதை வைத்து அவர் சிறுநீரகத்தைக் காப்பாற்றினேன். நீங்கள் அதைக் கொண்டு என் பெயரைப் பலகையில் எழுதினீர்கள். நோயாளியின் பழக்கம் எல்லாமே மதிக்கத்தக்க பண்பாடு ஆகிவிடாது. இனி எப்படி நடந்துகொள்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நாளே சொல்வேன்.

6

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கேரன் என்னை அறைக்குக் கூப்பிட்டாள். அந்தத் தாள் அவள் மேசையில் இருந்தது. இரண்டு மூன்று முறை படித்திருப்பாள் போல, ஓரம் மடங்கியிருந்தது. முகம் சிவந்திருந்தது. நீ இதையெல்லாம் ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்றாள்.

சொன்னேன் என்றேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன், நீ எழுதிக்கொண்டிருந்தாய் என்றேன்.

அவள் மறுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பிவந்து, கையில் ஒன்றும் எடுக்காமல் உட்கார்ந்தாள். மறுபடி சொல்கிறாயா என்றாள்.

எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சாப்பாட்டு டப்பா மடியில் திறக்காமல் இருந்தது. எதிலிருந்து ஆரம்பித்தால் இவளுக்குப் புரியும் என்று யோசித்தேன். பிறகு, கடலூரிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரில் எங்கே நிற்கும், இறங்கி எங்கள் வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது, அதனால் எவ்வளவு தூரம் சுற்றி நடக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.